கோரம்பள்ளம் குளக்கரை: ஓட வருவோருக்கு

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கே வடகாலில் பிரியும் தண்ணீர் பேய்க்குளம் முதலான குளங்களை நிரப்பிவிட்டு, கடைசியாக வந்து சேரும் இடம் இதுதான். மிஞ்சியது 24 கண் மதகு வழியே உப்பாற்று ஓடையில் இறங்கிக் கடலுக்குப் போகும். ஆற்றுப் பாசனம் முடிகிற எல்லையில்தான் நீங்கள் ஓடுகிறீர்கள்.

தார்ச்சாலையைவிட மண் கரை முழங்காலுக்கு நல்லது. நிழல் குறைவு, வெயில் ஏறுமுன் ஓடி முடித்துவிடுங்கள். உதிர்ந்து கிடக்கும் உடைமுள் மெல்லிய அடிப்பாகத்தைத் துளைத்துவிடும், தடித்த காலணி அவசியம். நீர்க்காகம் பட்ட கிளையில் சிறகை அகல விரித்து ஈரம் உலர்த்திக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து நடந்து கடந்தால் அது பறக்காது. நாமக்கோழி அப்படியல்ல, காலடி கேட்டதுமே கோரைக்குள் மறைந்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியபோது, இந்தக் குளம் உடைந்து வெள்ளம் தூத்துக்குடிக்குள் புகுந்தது. ஆகவே கரை ஊறியிருக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை நாட்களில் இங்கே ஓட வேண்டாம். மதகுப் பக்கம் எப்போதும் இறங்காதீர்கள்.