கிளாஸ்கோ மெசினுக்கு ஒரு புது பெல்ட்

அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோ என்றால் அது ஒரு தேயிலைத் தோட்டம். பக்கத்தில் வேவர்லி, பெல்மோரல், அல்பியன் என்று எல்லாமே சீமைப் பெயர்கள். துரைமார் பெயர்களை மட்டும் விட்டுப்போகவில்லை. அசல் கிளாஸ்கோ நகரின் அருகே கிளைட்பேங்கில் செய்த காலால் மிதிக்கும் சிங்கர் தையல் மெசின்களும் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தன. சிங்கர் கம்பனி கொழும்பில் கால் வைத்தது 1877இல். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டுப் பத்து வருடமே ஆகியிருந்த காலம் அது. 1885இல் திறந்த கிளைட்பேங்க் தொழிற்சாலை 1913இல் மட்டும் பதின்மூன்று இலட்சம் மெசின்களுக்கு மேல் செய்தது. 1980இல் அதை மூடிவிட்டார்கள். அங்குள்ள ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றும் சிங்கர் என்றுதான் பெயர். உங்கள் வீட்டு மெசினின் அடித்தட்டில் பொறித்த எண் இ.ஏ., இ.பி. என்று தொடங்கினால் அது 1935இலோ அதற்குப் பிறகோ அங்கே பிறந்தது.

லயத்துக் காம்பிராவில் அந்த மெசினுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. தீபாவளி முற்பணம் கைக்கு வந்தால் துணி வரும். துணி வந்தால் மெசின் இராத்திரி முழுக்க ஓடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சீருடைத் துணி கொடுக்கும்போதும் அப்படித்தான். துணியைத்தான் கொடுப்பார்கள், தைப்பது நம் பாடு. பகலெல்லாம் கொழுந்து எடுத்த பெண்ணுக்கு, நாட்கூலிக்குப் பேர் விழாத நாளிலும் நாலு காசு தேடித் தந்தது இந்த மெசின். 2022 மார்ச்சில் நாடு முழுக்கப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றபோதும் அது நிற்கவில்லை.

அப்படிப்பட்ட மெசினை, “கனக்குது, ஓடுதில்ல” என்று சொல்லிப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போடுகிறார்கள். வாங்குபவர்கள் இரும்புக் காலைக் கழற்றி, மேலே கண்ணாடி போட்டு, கடைகளில் அழகு மேசையாக வைக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்த மெசின்களில் பலவற்றுக்கு வந்த நோய் பெல்ட் தளர்ந்ததுதான். தேய்வதற்கென்றே அதில் வைத்த பாகம் அந்தத் தோல் பெல்ட். மாற்ற ஒரு குறடும் ஒரு குத்தூசியும் போதும்.

முதலில் பெல்டைக் கழற்றிவிட்டு, மேலேயுள்ள கைச்சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். இலேசாகச் சுற்றினால் மெசின் நலம். கோளாறு பெல்டிலோ மிதியிலோ இருக்கிறது. சுற்ற மறுத்தால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது. மலைநாட்டில் இதற்குப் பெரும்பாலும் தேங்காயெண்ணெய்தான் காரணம். இருபத்து நாலு பாகைக்குக் கீழே உறைந்துபோகிற எண்ணெயை, பனி கொட்டும் அக்கரப்பத்தனைக் காலையில் மெசினுக்கு ஊற்றினால் அது எப்படி ஓடும்? உறையாவிட்டாலும் நாள்பட்டுப் பிசினாகிவிடும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, மெசின் எண்ணெய் போடுங்கள்.

பெல்ட் என்பது உருண்டைத் தோல் வார். கனம் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றர். நீளம் எழுபத்திரண்டு அங்குலம் வரும்; கூடவே ஒரு சிறு கம்பிக் கொக்கியும் இருக்கும். வாங்கியதும் வெட்டிவிடக் கூடாது. கைச்சக்கரத்தின் காடியில் மாட்டி, இரு முனைகளையும் பலகையிலுள்ள துவாரங்கள் வழியே கீழே இறக்கி, பெரிய சக்கரத்தைச் சுற்றி வந்து சேருமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள். பெரிய சக்கரத்துக்கு முன்னால் ஒரு கம்பி வழிகாட்டி இருந்தால் அதற்குள்ளும் பெல்ட் நுழைந்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டுக் கொக்கியை மூடினால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.

அளவில்தான் முழு வேலையும் இருக்கிறது. இறுக்கினால் மிதிக்கக் கால் வலிக்கும், அச்சும் தேயும். தளர்ந்தால் பெரிய சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி தூங்கும். விரலால் அழுத்தினால் கொஞ்சம் கொடுக்கிற அளவு சரி. நான் சொல்வது, கையால் பிடித்த அளவைவிடச் சற்றுக் குறைத்தே வெட்டுங்கள். புதுத்தோல் இழுபடும். அக்கரப்பத்தனை மழைக்கும் மூட்டத்துக்கும் இன்னும் கூடுதலாகவே இழுபடும். சில வாரத்தில் மறுபடி அரை அங்குலம் நறுக்கிக் கொக்கி போட நேரும். அது பெல்டின் குற்றமில்லை.

முனையிலிருந்து கால் அங்குலம் தள்ளிக் குத்தூசியால் துளையிட்டு, கொக்கியை மாட்டிக் குறட்டால் அமுக்குங்கள். மடிந்த முனை தோலுக்குள் பதிய வேண்டும். துருத்தி நின்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் “டக், டக்” என்று காடியில் இடிக்கும். கொக்கியும் சீக்கிரம் விட்டுப்போகும்.

தோல் கிடைக்காத நாளில் நைலோன் கயிற்றைக் கட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. முடிச்சு காடியில் ஏறும்போதெல்லாம் மெசின் குதிக்கும். முனைகளை உருக்கி ஒட்டுகிற பொலியூரித்தேன் வார் பரவாயில்லை; ஈரத்தைக் குடிக்காது. ஆனாலும் ஒரு வீட்டில் குறட்டோடு உட்கார்ந்து சரிசெய்துகொள்ள வசதி தோலுக்குத்தான். எதைப் போட்டாலும் அதன்மேல் எண்ணெய் படக் கூடாது. எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது கைச்சக்கரத்தின் மேல்விளிம்பு உங்களை நோக்கி வர வேண்டும். வலது கையால் அப்படி ஒரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் காலை மிதிக்க வேண்டும். மறுபக்கம் சுற்றினால் நூல் சிக்கும். பெரிய சக்கரம் ஒருமுறை சுற்ற ஏறத்தாழ நான்கு தையல் விழும். பழைய தேயிலை ஸ்டோர்களில் ஒரே இயந்திரத்திலிருந்து நீண்ட அச்சுக்கும், அங்கிருந்து ரோலர்களுக்கும் பெல்டுகள் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. பெரிய சக்கரம் மெதுவாக, சின்னச் சக்கரம் வேகமாக.

வேலை முடிந்து எழும்போது பெல்டைப் பெரிய சக்கரத்திலிருந்து தள்ளி விட்டுவிடுங்கள். இதற்கென்றே பல மெசின்களில் ஒரு சிறு நெம்பு வைத்திருக்கிறார்கள். இரவெல்லாம் இழுவிசையில் நிற்காததால் தோல் நீண்ட நாள் உழைக்கும். காம்பிராவில் தவழும் பிள்ளையின் விரலும் சக்கரத்துக்கும் பெல்டுக்கும் நடுவில் மாட்டாது.