தசையின் மின்சாரத்தை எங்கே அளப்பது?

நாம் நீர்க்குடத்தைத் தூக்கும்போது மேற்கையின் முன்புறத்திலுள்ள இருதலைத் தசை திரண்டு எழுவதைக் காண்கிறோம். அதே நேரத்தில் அத்தசைக்குள் நுண்ணிய மின்னலைகள் ஓடுகின்றன. தோலின்மேல் இரண்டு மின்வாய்களை ஒட்டி அவ்வலைகளைக் கருவியில் வரைந்து பார்க்கலாம். இதயத்திற்கு இ.சி.ஜி. எப்படியோ, தசைக்கு இ.எம்.ஜி. அப்படி.

1849-இல் ஜெர்மானிய அறிஞர் எமில் டு புவா ரேமோன் மனிதத் தசையின் மின்சாரத்தை அளந்து காட்டினார். தோல் மின்சாரத்தைத் தடுப்பதைக் கண்டு, கையில் கொப்புளம் எழுப்பி, அத்தோலை நீக்கிவிட்டுச் சோதித்தாராம்! இன்று ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தாலே போதும்.

ஆனால் மின்வாயை எங்கே ஒட்டுவது? தசை நன்கு புடைத்திருக்கும் நடு இடமே சிறந்தது என்று நமக்குத் தோன்றும். தோழியரே, அதுதான் ஏமாற்றும் இடம்! பெரும்பாலான தசைகளில் நரம்பு வந்து தசைநார்களைத் தொடுவது நடுப்பகுதியில்தான். அங்கே பிறக்கும் அலை இரு முனைகளையும் நோக்கி விநாடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கருவியோ இரு மின்வாய்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மட்டுமே பதிவு செய்யும். (அறையிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல் வந்து கழிந்துபோகவே இந்த ஏற்பாடு.) அலை பிறக்கும் இடத்திற்கு இருபுறமும் சம தூரத்தில் மின்வாய்கள் இருந்தால், அலை இரண்டையும் ஒரே நேரத்தில் எட்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிஞ்சுவது சொற்பமே. தசை முழுப் பலத்தோடு இழுத்தாலும் படத்தில் சோம்பியிருப்பதுபோல் தெரியும்.

இரண்டையும் ஒரே பக்கமாக நகர்த்தி ஒட்டினால், இடையிலுள்ள 2 செ.மீ. தூரத்தைக் கடக்க அலைக்கு 0.005 விநாடி ஆகும். அச்சிறு தாமதமே தெளிவான படத்தைத் தருகிறது. தசைநாண் வரை சென்றுவிட்டால் மீண்டும் மங்கும். ஓரத்தில் ஒட்டினால் பக்கத்துத் தசையின் அலையும் கலந்துவிடும்.

1996 முதல் 1999 வரை ஐரோப்பிய அறிஞர்கள் செனியாம் என்னும் திட்டத்தில் இதற்கு விதிகள் வகுத்தனர். இருதலைத் தசைக்குத் தோள் எலும்பின் முனையிலிருந்து முழங்கை மடிப்பு வரை ஒரு கோடு; மடிப்பிலிருந்து அதில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மின்வாய்கள், 2 செ.மீ. இடைவெளியில். தையல் வகுப்பில் அளவெடுத்துக் குறியிடுவது போலத்தான்!

பக்கவாதத்தால் கை தளர்ந்த ஒருவரின் சென்ற மாதப் படத்தையும் இம்மாதப் படத்தையும் ஒப்பிடும்போது, தசை தேறியதா, மின்வாய்தான் நகர்ந்ததா என்று தெரிய வேண்டுமே! அதற்காகத்தான் தோலில் மையால் குறியிடுவதோடு, எலும்பிலிருந்து உள்ள தூரத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார்கள். குளித்தால் மை அழிந்துவிடும் அல்லவா?