தலைவரை நீக்குவதா?

பூவார், பாறசாலை வட்டார நம்மவர்க்குக் கால்பந்தே பெரிது. எனினும் 2023 ஜனவரி 22-இல் புவனேசுவரத்தில், உலகக் கோப்பைக் காலிறுதிக்கு முந்தைய ஆட்டத்தில், 3-1 என முன்னின்ற இந்தியா நியூசிலாந்திடம் பெனால்டி ஷூட்-அவுட்டில் வீழ்ந்ததும் தேநீர்க் கடைகளில் ஹாக்கி வழக்கே ஓங்கியது.

"பெனால்டி கார்னர்களை வீணாக்கிய தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை நீக்குக, காயமுற்று வெளியேறிய கோல் காவலர் ஸ்ரீஜேஷுக்கு ஓய்வளிக்க" என்றது ஒரு கட்சி. யாம் உடன்படவில்லை. பந்தைத் தள்ளுபவர், நிறுத்துபவர், அடிப்பவர் ஆகிய மூவரும் ஒத்தியங்கினாலன்றோ கார்னர் கோலாகும்? பழியை அடிப்பவர் மட்டும் சுமப்பானேன்?

பயிற்சியாளர் கிரஹாம் ரீட் பதவி துறந்தார், வீரரிருவரும் நீடித்தனர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹர்மன்பிரீத் 10 கோல்கள் அடித்தார், வெண்கலமும் கிட்டியது. அப்பதக்கத்துடன் கிழக்கம்பலத்து ஸ்ரீஜேஷ் தாமே விடைபெற்றார். அவரை விலக்கச் சொன்ன அன்பர்களே, அவரிடத்துக்குத் தக்கார் யார் எனப் பின்னர் எம்மிடம் வினவினர்!