மண்டகப்பட்டும் அபு சிம்பெலும்

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், முதலாம் மகேந்திரவர்மன் (ஏறத்தாழக் கி.பி. 600–630) குடைவித்த கோயிலைக் கண்டு வியந்தோம். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி, அயன், அரன், அரி என்னும் மூவர்க்கும் விசித்திரசித்தன் இதனைச் சமைத்தான் என்கிறது ஆண்டுள்ள வடமொழிக் கல்வெட்டு. விசித்திரசித்தன் என்பது அம்மன்னனின் விருதுப்பெயர். விலக்கப்பட்ட அந்நான்குமே முன்னைக் கோயில்களின் கட்டடப் பொருள்கள் என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் தூண்களின் மேலமைந்த போதிகை மரவேலையின் மரபே. பொருள் மாறியும் வடிவம் மாறிற்றில்லை.

கல் நடுகற்கு உரியதாதலின் அதனை இறைவற்கு ஆளத் தயங்கினர் என்பாரும் உளர். எகிப்தியரோ அரண்மனையையும் பச்சைச் செங்கல்லால் எடுத்து, கல்லைக் கடவுளர்க்கும் இறந்தார்க்கும் ஒருங்கே உரியதாக்கினர். கி.மு. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராமேசசு அபு சிம்பெலிற் குடைவித்த கோயிலில், கடவுளரோடு மன்னனும் ஒருங்கு வீற்றிருக்கின்றான். மகேந்திரன் விட்டதோ பெயர் ஒன்றே. ஆகலின் அக்கல்வெட்டினை வெறும் தற்புகழ்ச்சியாகக் கொள்ளாது, மரபு மாற்றத்தின் அறிவிப்பாகக் கொள்ளலே பொருந்தும்.