பிரேசிலில் பசி போனதும் திரும்பி வந்ததும்

சோயா, மாட்டிறைச்சி, சர்க்கரை, காப்பி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு பிரேசில். அங்கே 2022-ல் சுமார் 3.3 கோடிப் பேர் பட்டினியில் வாடியதாக அந்நாட்டு ஆய்வாளர்களின் கணக்கெடுப்பு சொன்னது. களஞ்சியம் நிறைந்திருந்தது, ஏழைகளின் கையில்தான் காசில்லை.

இத்தனைக்கும் அதே நாடு 2014-ல், பட்டினி பரவலாக உள்ள நாடுகளைக் காட்டும் ஐ.நா.வின் பசி வரைபடத்திலிருந்து வெளியேறியிருந்தது. 2003-ல் அதிபரான லூலா, மக்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு கிடைப்பதையே ஆட்சியின் முதல் இலக்காக அறிவித்தார். அந்த ஆண்டே ‘போல்சா ஃபமிலியா’ உதவித்தொகை வந்தது. பணம் பெரும்பாலும் தாயின் பெயருக்கே போகும். பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இப்படிக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற பேச்சு அங்கும் எழுந்தது. உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு அந்தத் தொகை பெரிதல்ல. அடுப்பு அணையாமல் இருக்க உதவியது, அவ்வளவுதான்.

என்னை அதிகம் கவர்வது பள்ளி உணவுச் சீர்திருத்தம். மத்திய அரசு பள்ளி உணவுக்குத் தரும் நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் கொள்முதல் செய்யவே செலவிட வேண்டும் என்று 2009-ல் சட்டம் வந்தது. சுமார் 4 கோடி மாணவர்கள் சாப்பிடும் திட்டம் இது. கீரையும் மரவள்ளியும் வாழைப்பழமும் விளைவிக்கும் சிறு விவசாயிக்கு, இடைத்தரகர் இல்லாமல் நிலையான சந்தை கிடைத்தது. ஒரே செலவில் பிள்ளையின் பசியும் தீர்ந்தது, விவசாயியின் வறுமையும் குறைந்தது.

பிறகு நிலைமை ஏன் சரிந்தது? பொருளாதாரத் தேக்கமும் கொரோனாவும் ஒரு பகுதிதான். 2016-ல் அரசுச் செலவுக்கு 20 ஆண்டு உச்சவரம்பு வைத்தார்கள். உணவுக் கொள்கையில் பொதுமக்கள் அமைப்புகளுக்கு இடமளித்த தேசிய ஆலோசனை மன்றத்தை 2019 ஜனவரியில், ஆட்சிக்கு வந்தவுடனேயே அதிபர் போல்சனாரோவின் அரசு கலைத்தது. பள்ளி உணவுச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. ஆனால் தொடக்கப் பள்ளி மாணவருக்கு நாளொன்றுக்கு 36 சென்டாவோ (பிரேசில் நாணயமான ரியாலின் நூறில் ஒரு பங்கே ஒரு சென்டாவோ) என்ற ஒதுக்கீடு 2017 முதல் அப்படியே கிடந்தது. விலைவாசி ஏற ஏற, தட்டில் விழுவது குறைந்துகொண்டே போனது. சத்தமில்லாமல் ஒரு நல்ல திட்டத்தைக் கொல்ல இதுவே போதும்.

லூலா ஆட்சிக்குத் திரும்பியதும் 2023-ல் மன்றம் மீண்டது. ஒதுக்கீடு 50 சென்டாவோ ஆனது. இடையில் பெயர் மாறியிருந்த உதவித்தொகையும் பழைய பெயரோடு, விரிவடைந்து திரும்பியது. 2025 ஜூலையில் பிரேசில் மீண்டும் பசி வரைபடத்திலிருந்து நீங்கியது.

அடுத்த தேர்தலில் யார் வென்றாலும் இது நிலைக்க வேண்டுமானால், விலைவாசி உயரும்போதெல்லாம் உணவு நிதியும் தானாக உயரும்படி சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.