ஆக்சலாட்டல் வளர்க்க ஆசையா? முதலில் குளிர்நீருக்கு வழி பாருங்கள்

ஜார்ஜ்டவுன் – சிரித்தது போன்ற முகம், தலையின் இருபுறமும் இறகு போல விரிந்த செவுள்கள். 2021இல் மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஆக்சலாட்டல் இடம்பெற்ற பிறகு, அதை வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. குட்டியின் விலை பெரிதில்லை என்று பெற்றோரும் இறங்கிவிடுகிறார்கள். ஆனால் பினாங்கில் இதற்கான உண்மையான செலவு குட்டிக்கு அல்ல, குளிருக்கு.

இது மீன் இல்லை. தவளையைப் போல நீர்நிலவாழ் இனத்தைச் சேர்ந்த சாலமாண்டர். ஆனால் தலைப்பிரட்டைப் பருவத்துச் செவுள்களை உதிர்க்காமல் ஆயுள் முழுவதும் நீரிலேயே இருந்துவிடும். இதன் தாயகம் மெக்சிகோ நகரின் சொச்சிமில்கோ கால்வாய்கள். அங்கே 1998இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 இருந்தவை, 2014 கணக்கெடுப்பில் 36 ஆகக் குறைந்துவிட்டன. கடைகளில் நாம் பார்ப்பவை தொட்டியில் பெருக்கியவை.

சொச்சிமில்கோ கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தக் குளிரில் வளர்ந்த இனத்துக்கு 16 முதல் 18 டிகிரி வரையிலான தண்ணீர்தான் ஏற்றது. 20ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 24ஐத் தாண்டி நீடித்தால் உயிருக்கே ஆபத்து. நம் ஊர் வீட்டில் சும்மா வைத்த தண்ணீரே 28, 29 டிகிரி இருக்கும். கேமரன் மலைக் குளிர் வேண்டிய உயிர் இது. நம் கொடிமலையின் குளிர்கூடப் போதாது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைகிறது. அதே நேரத்தில் அதன் உடலுக்கோ கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. நோய்க்கிருமிகளும் வேகமாகப் பெருகுகின்றன. ஒரே நாளில் சாகாது, வாரக்கணக்கில் வாடும். வெளிப்பார்வைக்குச் சிரித்த முகம் மட்டும் மாறாது. அந்த வாய் அமைப்பே அப்படித்தான், சிரிப்பல்ல.

தொட்டிக்கு மேல் சின்னக் காற்றாடி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையலாம். காற்றில் ஈரம் மிகுந்த பினாங்கில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஐஸ் போத்தலை மிதக்க விடுவதால் வெப்பம் ஏறி இறங்கி இன்னும் வதைக்கும். மின்சாரம் போன நேரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். இரவில் மட்டும் ஓடும் ஏர்கோன் அறையும் பயன்படாது. தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம்தான் வழி. அதன் விலை குட்டியின் விலையைப் போலப் பல மடங்கு. மாத மின்கட்டணம் வேறு. நன்றாகப் பராமரித்தால் பத்து ஆண்டுக்கு மேலும் வாழும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது தண்ணீரின் சுத்தம். ஒன்றுக்கு 75 லிட்டர் தொட்டியாவது வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினை முறிக்கும் மருந்து கலக்காமல் ஊற்றக் கூடாது. கழிவிலிருந்து வரும் அமோனியா இதற்கு விஷம். அதை மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே தொட்டியை முதலில் தயாராக்கிப் பரிசோதனைத் திரவத்தால் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று உறுதியான பிறகே குட்டி வர வேண்டும். பெரும்பாலோர் இரண்டையும் ஒரே நாளில் வாங்குகிறார்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

அழகுக்குக் கூழாங்கல் போடாதீர்கள். இரையோடு சேர்த்து விழுங்கி, குடல் அடைத்துப்போகும். வெறும் கண்ணாடித் தரையே போதும். கண்ணுக்கு இமை கிடையாது. பளிச்சென்ற விளக்கு வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு போடலாம். நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும். மீன்களோடு விடாதீர்கள், அவை செவுளைக் கடித்துவிடும்.

உணவுக்கு மண்புழுதான் முதல் தரம். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அது எளிதாகக் கிடைக்கும் என்றாலும், களைக்கொல்லியோ உரமோ அடித்த இடத்துப் புழுவை எடுக்கவே கூடாது. வளர்ந்த பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கொடுத்தால் போதும்.

செவுள் முன்பக்கம் சுருண்டாலோ, வெள்ளைப் பஞ்சு போலப் படிந்தாலோ, தீனியை மறுத்தாலோ முதலில் வெப்பத்தையும் அமோனியாவையும் அளந்து பாருங்கள். மீனுக்குரிய மருந்தை ஊற்ற வேண்டாம். இதன் தோல் அதை அப்படியே உறிஞ்சும். நீர்நிலவாழ் உயிர்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வளர்க்க முடியாவிட்டால் ஆற்றிலோ அணையிலோ விடாமல், சில்லர் வைத்திருக்கும் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.