பச்சைத் தேநீரும் வீங்கிய விரலும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில், ஷிப்டு மாறும் வேளையில் எந்த டீக்கடையைப் பார்த்தாலும் கூட்டம்தான். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவோர் ஒரு பக்கம், ஏறுவோர் ஒரு பக்கம். பெரும்பாலோர் கையில் இருப்பது பால் டீ. ஆனால் நூலில் தொங்கும் சிறு பையை வெந்நீரில் அமிழ்த்திக் குடிப்போரும் இப்போது உண்டு. "கிரீன் டீ குடித்தால் வீக்கம், மூட்டுவலி எல்லாம் போய்விடும்" என்பார்கள். இதில் எவ்வளவு உண்மை?

முதலில் வீக்கத்தைப் பார்ப்போம். ஆலைத் தொழிலாளி ஒருவரின் விரலை உலோகத் தகடு கீறிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சற்று நேரத்தில் அவ்விடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்நான்கு அடையாளங்களையும் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்தார். இதுதான் அழற்சி. காயமுற்ற திசு இரசாயனத் தூது அனுப்புகிறது; இரத்தக் குழாய்கள் விரிகின்றன; வெள்ளணுக்கள் அங்கே விரைகின்றன. ஆகவே அழற்சி நமக்குப் பகைவன் அல்ல, காவற்காரன். திருடன் போன பிறகும் தடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தால்தான் தொல்லை. முடக்குவாதம் போன்ற நோய்களில் நடப்பது அதுவே.

இனித் தேயிலைக்கு வருவோம். பச்சைத் தேயிலை என்று தனிச் செடி கிடையாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் பறிக்கும் அதே கொழுந்துதான். அதை வாட்டி, உருட்டிக் கசக்கினால், இலையிலுள்ள நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு இலையைப் பழுப்பாக்கிவிடும். நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இதே வினையால்தான். பறித்தவுடன் ஆவியிலோ சூடான வாணலியிலோ இட்டால் நொதி செயலிழக்கிறது. இலை பச்சையாகவே நிற்கிறது. அதிலுள்ள கேட்டச்சின் என்னும் துவர்ப்புப் பொருள்களும் பெரும்பாலும் அழியாமல் தங்குகின்றன.

இப்பொருளை 1929-ல் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தவர் ஜப்பானியப் பெண் விஞ்ஞானி மிச்சியோ சுஜிமுரா. பெயர் மட்டும் நம் பக்கத்தது! வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டிக்கு ஆங்கிலத்தில் கேட்டச்சு என்று பெயர். கேட்டச்சின் என்ற சொல் அதிலிருந்தே பிறந்தது.

பச்சைத் தேநீரில் மிகுதியாக உள்ள கேட்டச்சினைச் சுருக்கமாக ஈ.ஜி.சி.ஜி. என்பர். அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை முடுக்கும் புரதம் ஒன்று நம் உயிரணுக்களில் இருக்கிறது. கண்ணாடிக் கலத்தில் வளர்த்த உயிரணுக்களின் மீது ஈ.ஜி.சி.ஜி.யை விட்டால், அப்புரதம் அடங்கிவிடுகிறது. விளம்பரங்கள் சொல்வது இதைத்தான். பொய்யில்லை.

ஆனால் கண்ணாடிக் கலம் வேறு, வயிறு வேறு. குடித்த ஈ.ஜி.சி.ஜி.யில் மிகச் சிறு பகுதியே குடலைத் தாண்டி இரத்தத்தில் சேர்கிறது. ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் செறிவோ பெரும்பாலும் அதைவிடப் பத்து மடங்கு, சில வேளை நூறு மடங்கு! மனிதர்களுக்குக் கொடுத்து, இரத்தத்திலுள்ள அழற்சிப் புரதங்களை அளந்து பார்த்த சோதனைகளில் ஒரே சீரான முடிவு கிடைக்கவில்லை. மூட்டுவலிக்கு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பது ஆபத்து.

சரி, சாற்றைச் சுண்டவைத்து மாத்திரையாக விழுங்கினால்? அங்கே வேறு வம்பு. நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஈ.ஜி.சி.ஜி.யை மாத்திரையாக உண்டவர்களிடம் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் காணப்பட்டதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தெரிவித்தது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். துருப்பிடித்த ஆணியைச் சிறிது வினிகரில் ஓரிரவு ஊறவையுங்கள். மறுநாள் அந்நீரில் சில துளிகளைப் பச்சைத் தேநீரில் விடுங்கள். தெளிந்திருந்த நீர் மை போல் கறுக்கும். (குடித்துவிடாதீர்கள்!) துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொள்வதே காரணம். கீரையும் பயறும் உண்டதும் தேநீர் குடித்தால், குடலிலும் இரும்பு இவ்வாறே சிக்கிக்கொள்கிறது; இரத்தத்தில் சேரும் அளவு குறைகிறது. பால் டீயும் காப்பியும்கூட இதற்கு விலக்கல்ல. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 57 பேர் சோகையுற்றிருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. விடுதியில் அவசரமாக உண்டுவிட்டு, பஸ் ஏறுமுன் ஒரு டீ குடிக்கும் பெண்களும் இத்தொகையில் அடங்குவர். உணவுக்கு ஒரு மணி முன்பும் ஒரு மணி பின்பும் தேநீர், காப்பியைத் தவிர்க்கும்படி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-ல் அறிவுறுத்தியது. மாலை நாலு மணிக்குக் குடித்தால் இந்தத் தடை இல்லை.